கதவு இங்கே... வீடு எங்கே?

டிஸ்கி: நான் பழம்பொருள் நிபுணன் எல்லாம் கிடையாது. வாரம் அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி புடுங்கற சாதாரண பொட்டிதட்டி. பழைய மரச்சாமான், பீங்கான் ஜாடி மேல கொஞ்சம் கிறுக்கு. அவ்ளோதான். :-)

இப்பல்லாம் புது ஃப்ளாட் வாங்கினா ஹால்ல ஒரு 'ஆன்டிக்' இல்லாட்டி மரியாதை இல்லை போலிருக்கு. வாசல்ல வெண்கல உருளியில் பூ. மூலையில் நீலமும் வெள்ளையுமா ஒரு சீன ஜாடி. டிவிக்குப் பக்கத்தில் செட்டிநாட்டுத் தூண். அந்தத் தூண் எதையும் தாங்கலை. மேலே இருக்கிறது ஃபால்ஸ் சீலிங்!

பழசை வாங்குறது தப்புன்னு சொல்ல வரலை. எதை வாங்குறோம், அது எங்கேர்ந்து வந்ததுங்கிற ரெண்டு கேள்வியையும் கேட்காம வாங்குறதுதான் தப்புங்கிறேன்.

முதல்ல ஜாடி. அடியில் ஆறு சீன எழுத்து இருக்கும். "சார், காங்ஷி மன்னர் காலத்துது, முந்நூறு வருஷம்"னு கடைக்காரர் சொல்லுவார். காங்ஷி ஆண்டது 1661லிருந்து 1722 வரை. ஆனா அந்த முத்திரையை 19ஆம் நூற்றாண்டுலயும் அதுக்கப்புறமும் தாராளமா போட்டிருக்காங்க. காமெடி என்னன்னா, காங்ஷி காலத்துலயே அதுக்கு இருநூறு வருஷம் முந்தின செங்ஹுவா மன்னர் முத்திரையைப் போட்டு ஜாடி செஞ்சிருக்காங்க. எல்லாமே ஏமாத்து வேலை இல்லை, பழைய காலத்து வேலைப்பாட்டுக்கு ஒரு மரியாதையாவும் போட்டாங்க. நம்ம பாஷையில் சொன்னா, காப்பி பேஸ்ட் பண்ணின கோடுல பழைய ஆளோட பேர் அப்படியே இருக்கிற மாதிரி. அந்தப் பேரை வச்சு யார் எழுதினதுன்னு முடிவு பண்ணுவீங்களா?

ஜப்பான் பீங்கானுக்கு கொஞ்சம் நல்ல அடையாளம் இருக்கு. இறக்குமதிப் பொருள்ல எந்த நாட்டுதுன்னு எழுதணும்னு அமெரிக்கா 1890ல சட்டம் போட்டுச்சு. அதனால அங்கே போன சாமான்ல 'நிப்பான்'னு போட்டாங்க. 1921க்குப் பிறகு 'ஜப்பான்'னு போடச் சொல்லிட்டாங்க. மர நாற்காலின்னா குப்புறப் போட்டுப் பாருங்க. பிளஸ் தலை ஸ்க்ரூ இருந்தா, ஒண்ணு அது 1930களுக்கு அப்புறம் செஞ்சது, இல்லே அப்புறம் யாரோ ரிப்பேர் பண்ணினது.

இதெல்லாம் பர்ஸுக்கு வர்ற நஷ்டம். என் உண்மையான கவலை அந்தத் தூணும் கதவும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போனா வரிசையா பழம்பொருள் கடைகள். எனாமல் கிண்ணம், ஊறுகாய் ஜாடி, பர்மா அரக்குப் பெட்டி, ரவிவர்மா படம்னு நாள் பூரா பார்க்கலாம். ஜாடியும் பெட்டியும் ஒரு வீட்டுல புழங்கின சாமான். வேணாம்னு வித்தாலும் வீடு நிக்கும். ஆனா சுவர்ல சாய்ச்சு வச்சிருக்கிற செதுக்கின நிலைக்கதவும் தேக்குத் தூணும் அப்படியா? அதைக் கழட்டணும்னா வீட்டை இடிக்கணும்.

பர்மாவுல லேவாதேவி பண்ணின காசுலயும், அங்கேர்ந்து கப்பல்ல வந்த தேக்குலயும் எழுந்த வீடுகள் அதெல்லாம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டுன்னு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்போ வருமானம் போச்சு. 1960கள்ல அங்கே எல்லாத்தையும் தேசியமயமாக்கினப்போ மிச்சமும் போச்சு. இன்னிக்கு ஒரே வீட்டுக்கு பல பங்காளிங்க. ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் அமெரிக்கா. ஓடு மாத்த யார் காசு போடுறது? பேசிப் பேசி முடியாம, கடைசியில் இடிச்சு வித்துப் பங்கு போட்டுக்கறாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. வருஷா வருஷம் ஒழுகுற வீட்டைப் பார்த்துக்கிற செலவு நமக்கென்ன தெரியும்?

ஆனா வாங்குற நம்ம பங்கு ஒண்ணு இருக்கு. முழு வீட்டை வாங்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். தூணுக்கும் கதவுக்கும் சிட்டியில ஆள் ரெடி. முழுசா விக்கிறதை விட பிரிச்சு விக்கிறது லாபம்னு ஆயிட்டா எந்த வீடு தப்பிக்கும்? "நான் வாங்காட்டி அது விறகாப் போயிருக்கும்"னு சில நண்பர்கள் சொல்றாங்க. ஏற்கெனவே இடிஞ்சு கிடக்கிற வீட்டுக்கு அது சரி. ஆனா அடுத்த வீட்டை இடிக்க கணக்குப் போடுறவர், நாம போன வாரம் அந்தக் கதவுக்குக் கொடுத்த விலையைத்தானே பார்ப்பார்?

வெளிநாட்டு நண்பர்களுக்கு இன்னொண்ணு. 1972ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் தாண்டின, ஒரு கட்டிடத்திலிருந்து பிரிச்செடுத்த பொருளும் தொல்பொருள்தான். தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உள்நாட்டுல தொல்பொருள் வியாபாரம் பண்ணவும் லைசென்ஸ் வேணும். கன்டெய்னர்ல ஏத்துறதுக்கு முன்னாடி யோசிங்க. சாமி சிலை பக்கமே போகாதீங்க. அது ஏதோ ஒரு ஊர்க் கோயில்ல இருந்து களவு போனதா இருக்கலாம்.

சரி, என்னதான் பண்றது? என் கட்சி இதுதான். புழங்குற சாமான் வாங்குங்க: நாற்காலி, பெட்டி, ஜாடி, அஞ்சறைப்பெட்டி. வாங்கினா புழங்குங்க, காட்சிக்கு மட்டும் வைக்காதீங்க. (பழைய பீங்கான்ல மட்டும் சாப்பாடு வேணாம், பூச்சுல ஈயம் இருக்கலாம்.) செட்டிநாட்டு அழகுதான் வேணும்னா ஆத்தங்குடியில இன்னிக்கும் கையால டைல்ஸ் போடுறாங்க, கதவு செதுக்கத் தெரிஞ்ச ஆசாரிகளும் இருக்காங்க. புதுசா செய்யச் சொல்லுங்க. பழைய கதவு விலைக்கு ஒரு தொழில் பிழைக்கும், ஒரு வீடும் நிக்கும். ஊர்ப்பக்கம் போனா, இடிக்காம ஹோட்டலா மாத்தின பழைய வீட்டுல ஒரு ராத்திரி தங்குங்க. வீட்டை முழுசா வச்சிருந்தாலும் காசு வரும்னு பங்காளிங்களுக்குத் தெரியட்டும்.

கடையில கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?" பதில் மழுப்பலா வந்தா கிளம்பிடுங்க.

நான் சொல்றது கொஞ்சம் ஓவரா இருக்குன்னு நினைக்கறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க. முக்கியமா காரைக்குடிப் பக்கத்து நண்பர்கள். நான் வெளியூர்க்காரன். அந்த வீட்டுல பிறந்து வளர்ந்தவங்க என்ன நினைக்கறீங்கன்னுதான் எனக்குத் தெரிஞ்சுக்கணும்.