கையில் கட்டுவதா, மார்பில் கட்டுவதா?

சைக்கிள் வாங்கியாச்சு. ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், பஞ்சர் கிட் எல்லாம் வந்தாச்சு. ஆறு மாதம் விடாமல் மிதித்த பிறகு பலருக்கும் வருகிற அடுத்த ஆசை, ஹார்ட் ரேட் மானிட்டர். இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று ஓட்டும்போதே காட்டும் கருவி. கல்லூரி மாணவர் ஒருவர் போய்க் கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ஸ்மார்ட் வாட்சைத்தான். பளபளக்கும் திரை, தூக்கக் கணக்கு, நடைக் கணக்கு, போனுக்கு வரும் மெசேஜ்... கூடவே இதயத்துடிப்பும்! ஒரு பொருளின் விலையில் பத்து வசதி கிடைத்தால் லாபம்தானே?

சைக்கிள் ஓட்டுபவருக்கு இது லாபமே இல்லை. கையில் காசு குறைவாக இருப்பவர் சென்ஸாருக்கு மட்டும்தான் காசு கொடுக்க வேண்டும், திரைக்குக் கொடுக்கக் கூடாது. திரை ஏற்கெனவே அவர் சட்டைப் பையில், போன் வடிவத்தில் இருக்கிறது. ஆகவே குறைந்த பட்ஜெட்டுக்குச் சரியான பொருள், மார்பில் கட்டும் சாதாரணப் பட்டை.

அது ஏன்?

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிறிய மின்துடிப்பு ஒன்று உண்டாகிறது. அதை உடம்பின் மேல்தோலிலிருந்தே அளக்கலாம். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈசிஜியும் அதுதான். அந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக வில்லெம் ஐந்தோவன் 1924-ல் நோபல் பரிசு பெற்றார். மார்புப் பட்டை அதே மின்துடிப்பைத்தான் பிடிக்கிறது. பட்டையின் உட்புறம் இரண்டு மின்முனைகள், நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், அவ்வளவுதான். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-ல் முதல் வயர்லெஸ் மானிட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இத்தனை வருடமாகியும் அடிப்படை மாறவில்லை. முதிர்ந்த தொழில்நுட்பம் என்பதால்தான் விலை குறைந்த பட்டைகூட வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

வாட்ச் வேலை செய்வது வேறு விதமாக. அதன் அடியில் பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தை வைத்து வாட்ச் துடிப்பை ஊகிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இந்த ஊகம் நன்றாகவே இருக்கும். சைக்கிளில்தான் சிக்கல். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறோம், மணிக்கட்டு மடங்குகிறது, பிரேக் பிடிக்கும்போது தசைநார்கள் அசைகின்றன, குண்டு குழியில் வாட்சே தோலைவிட்டு எழும்பி இறங்குகிறது. திடீரென்று வேகமெடுத்தால் இதயம் ஒரு எண்ணில் இருக்கும், வாட்ச் இன்னொன்றைக் காட்டும். நல்ல வாட்சுகள் இதில் வெகுவாக முன்னேறியிருக்கின்றன, உண்மை. ஆனால் அந்த நல்ல வாட்சுகள் பட்ஜெட்டில் அடங்குவதில்லையே!

இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. ஓடுகிற சைக்கிளில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது, மணிக்கட்டைத் திருப்பி எண்ணைப் பார்ப்பது உயிரோடு விளையாடுகிற வேலை.

காமர்ஸ் கணக்கு

விலைச்சீட்டில் இருப்பது கொள்முதல் விலை மட்டும்தான். பராமரிப்பும் தேய்மானமும் சேர்ந்ததுதான் ஒரு பொருளின் உண்மையான செலவு. வாட்சுக்குள் இருக்கும் பேட்டரியை வாங்கியவர் மாற்ற முடியாது. சில வருடங்களில் பேட்டரி தளர்ந்தால் முழு வாட்சும் தளர்ந்த மாதிரிதான். மார்புப் பட்டையில் ஒவ்வொரு பாகமும் தனித்தனி. பெரும்பாலானவற்றில் கடைகளில் கிடைக்கும் பட்டன் செல்தான். போலார் எச்10-க்கு அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு ஒரு செல்லுக்கு 400 மணி நேரம். வாரம் 6 மணி நேரம் மிதித்தால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். வியர்வையில் துணி நைந்துபோனால் துணியை மட்டும் மாற்றினால் போதும், டிரான்ஸ்மிட்டர் அப்படியே உழைக்கும்.

எந்தப் பட்டை? போலாரின் எச்10 அமெரிக்காவில் சுமார் 90 டாலருக்கு அறிமுகமானது. அதன் தம்பி எச்9, 2020-ல் சுமார் 60 டாலருக்கு வந்தது. 30 டாலர் வித்தியாசம் எதற்கு? எச்10-ல் ஒரு பயிற்சியைச் சேமித்து வைக்கும் நினைவகம், ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் இணைப்பு, கொஞ்சம் உசத்தியான துணி. போனோடு ஓட்டும் மாணவருக்கு இவை இல்லாமலும் காரியம் நடக்கும். அதைவிடக் குறைவாகப் போக நினைப்பவருக்குக் கூஸ்போ, மாஜீன் போன்ற சீன நிறுவனங்களின் பட்டைகள் இருக்கின்றன.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று.

முதலாவது, புளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டும் இருக்க வேண்டும். புளூடூத் போனுக்கு, ஆன்ட் பிளஸ் சைக்கிள் கம்ப்யூட்டருக்கு. ஆன்ட் பிளஸ் சான்றிதழ் திட்டம் 2025 ஜூனோடு முடித்துக்கொள்ளப்பட்டது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் புளூடூத்தே புத்திசாலித்தனம். தன் சொந்த ஆப்போடு மட்டும் பேசும் கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அந்த நிறுவனம் ஆப்பைக் கைவிட்ட அன்று கருவி வெறும் பிளாஸ்டிக் துண்டு.

இரண்டாவது, பேட்டரியையும் துணியையும் தனியாக மாற்ற முடியுமா என்பது.

மூன்றாவது, போனில் இருக்கும் ஆப் வெளி சென்ஸாரை ஏற்குமா என்பது. இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம், செலவில்லை.

மார்பில் கட்டுவது எல்லோருக்கும் ஒத்துவராது என்பது நியாயமான எதிர்வாதம். சிலருக்குத் தோல் உரசும், பெண்கள் பலருக்கு உள்ளாடையோடு சேர்த்து அணிவது தொந்தரவு. அவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: முழங்கைக்கு அருகிலோ மேல்கையிலோ கட்டும் ஒளி சென்ஸார். அங்கே சதைப்பற்று அதிகம், அசைவு குறைவு. அதனால் மணிக்கட்டைவிட நம்பகமாக அளக்கும்.

பட்டையை வாங்கியவர் கவனிக்க வேண்டியவையும் சில. மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்ட வேண்டும். உலர்ந்த பட்டை முதல் சில நிமிடங்களுக்குக் கன்னாபின்னாவென்று எண் காட்டும். ஓட்டி முடித்ததும் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டுத் துணியை அலசிப் போட வேண்டும். ஈரத் துணியோடு மாட்டியே வைத்தால் செல் வீணாகத் தீரும், உப்புப் படிந்து துணியும் கெடும்.

எண் கிடைத்துவிட்டது, அர்த்தம்?

பலர் சறுக்குவது இங்கேதான். 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்ற சூத்திரம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ், ஹாஸ்கல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், ஏற்கெனவே வெளிவந்த தரவுகளைத் திரட்டிப் போட்ட குத்துமதிப்புக் கோடு அது. 2001-ல் தனாகா குழுவினர் 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 20 வயதுக்காரருக்கு முதல் சூத்திரம் 200 தரும், இரண்டாவது 194. இரண்டுமே சராசரிகள்தான். தனி மனிதருக்கு 10 துடிப்பு ஏறவோ இறங்கவோ இருப்பது மிகச் சாதாரணம். அதிலும் சைக்கிளில் எட்டும் உச்சம் ஓட்டத்தில் எட்டுவதைவிடப் பொதுவாகச் சில துடிப்புகள் குறைவாகவே இருக்கும்.

இதனால் என்ன கெட்டுவிடும்? ஒருவருடைய உண்மையான உச்சம் 185 என்று வைத்துக்கொள்ளலாம். அவர் 200 என்று நம்பி, அதில் 80 சதவீதமான 160-ல் மிதித்தால், உண்மையில் 86 சதவீதத்துக்கு மேல் உழைக்கிறார். 'மிதமான' நாள் என்று நினைத்து வாரா வாரம் தன்னையே பிழிந்துகொண்டிருப்பார். சரியான கருவி, தவறான அளவுகோல்!

ஆரோக்கியமாக இருப்பவருக்கு நல்ல வழி, பயிற்சியாளர் ஜோ ஃபிரீல் பிரபலப்படுத்திய சோதனை. நன்றாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, 30 நிமிடம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகத்தில் தனியாக மிதிக்க வேண்டும். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் அவருடைய எல்லை எண். பயிற்சி மண்டலங்களை அதிலிருந்து கணக்கிடலாம்.

அப்போதும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. இதயம் தாமதமாகத்தான் பதில் சொல்லும். 30 விநாடி ஸ்பிரின்ட் முடிந்த பிறகுதான் எண் ஏறி முடியும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் அதே வேகத்துக்கே துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். மே மாதத்தில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கணக்காக மிதிப்பவருக்கு அது தண்ணீர் குடிக்கச் சொல்லும் சேதி, உடல்தகுதி போய்விட்டது என்று பொருள் இல்லை.

மிக முக்கியமானது இது. இந்தப் பட்டைகள் பயிற்சிக் கருவிகள். நோய் கண்டுபிடிக்கும் வேலை அவற்றுடையதல்ல. மார்பு வலி, மயக்கம், காரணமில்லாத படபடப்பு என்றால் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவரின் துடிப்பை அந்த மாத்திரையே அடக்கி வைத்திருக்கும். மேலே சொன்ன சூத்திரம் எதுவும் அவருக்குப் பொருந்தாது. மகன் வாங்கிய பட்டையை அப்பாவும் கட்டிப் பார்க்கிற வீடுகளில் இது நினைவிருக்க வேண்டும்.

பட்டைக்கும் காசில்லையா? குறையொன்றுமில்லை. ஓரமாக நிறுத்தி, கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் துடிப்பு வந்துவிடும். ஓட்டிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் மிதமான உழைப்பு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் கடும் உழைப்பு. சுவீடன்காரர் குன்னர் போர்க் உருவாக்கிய 6 முதல் 20 வரையிலான சிரம அளவுகோலும் இந்த வகைதான். உடம்புக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று தோன்றும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஏறத்தாழ துடிப்பு.

இதையெல்லாம் மூன்று மாதம் செய்து பார்த்த பிறகும் துல்லியம் போதவில்லை என்று தோன்றினால், அப்போது ஒரு மார்புப் பட்டை வாங்கலாம். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல டயரும் பிரேக் கட்டையும் கிடைக்கும். இதயத்துக்கு அவையும் நல்லதுதான்!