ஒப்பிடுங்கள், முழுதாக ஒப்பிடுங்கள்!

கூலி உயர்வு கேட்டாலும், ஆள் குறைப்பை எதிர்த்தாலும் தொழிலாளிக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. “அந்த நாட்டைப் பார், இந்த நாட்டைப் பார்! அங்கே ஒருவன் செய்கிற வேலையை இங்கே நாலு பேர் செய்கிறீர்கள். பிறகு நாடு எப்படி முன்னேறும்?” என்கிறார்கள். பத்திரிகைகளும் உலக நாடுகளை வரிசையாக நிறுத்தி, முதல் இடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு என்று பட்டியல் போடுகின்றன. அதைப் பார்த்து நமது வாலிபர்களில் சிலர் வெட்கப்படுகிறார்கள். சிலர் வீண் பெருமை கொள்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். ஒப்பிடுவதைக் கண்டு நாம் அஞ்சவில்லை. தன் வயலின் விளைச்சலை அடுத்த வயலோடு ஒப்பிட்டுப் பார்க்காத விவசாயி உண்டா? ஆனால் அவன் மூட்டையை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்புவதில்லை. அது என்ன மண், வாய்க்கால் தண்ணீர் கடைமடை வரை வந்ததா, எத்தனை வண்டி எரு போட்டார்கள் என்றெல்லாம் விசாரிக்கிறான். வயலுக்குச் செய்யும் அதே விசாரணையை நாடுகளுக்கும் செய்யுங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம்.

இதற்குத் தூர தேசம் போக வேண்டியதில்லை. கடலூர் ஜில்லாவிலேயே பாடம் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் 19-ம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. அதே ஜில்லாவில், நெய்வேலியில், 20-ம் நூற்றாண்டின் நடுவில் பூமியைக் குடையும் ராட்சத யந்திரங்கள் வந்தன. ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களும், அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களும் இந்த ஜில்லாவின் உழைப்பாளி மக்களே. ஆகவே நெய்வேலியின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பல நாட்டு அறிவு, நம் நாட்டு உழைப்பு

1930-களின் நடுவில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு இறக்கியபோது, பீறிட்ட தண்ணீரோடு கரிய துகள்களும் வந்தன. அதுவே பழுப்பு நிலக்கரி. பிறகு பூகர்ப்ப ஆராய்ச்சி நடந்தது. 1949 முதல் எச்.கே. கோஷ் என்ற சுரங்க என்ஜினீயர் பல இடங்களில் துளையிட்டுப் படுகையின் அளவைக் கணக்கிட்டார். 1956 நவம்பர் 14-ம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நாலாண்டுக்கு மேல் மண்ணை அகற்றிய பிறகுதான், 1961 ஆகஸ்டில், கரிப்படுகை வெளிச்சத்துக்கு வந்தது. 1962 மே மாதத்தில் முதல் மின் உற்பத்தி யந்திரம் ஓடியது. அதன் சக்தி 50 மெகாவாட். அந்த மின்நிலையமே பின்னர் 600 மெகாவாட்டாக வளர்ந்தது.

சுரங்கத் திட்ட அறிக்கையைத் தயாரித்தது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. மண் தோண்டும் சக்கர யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. மின்நிலையம் சோவியத் யூனியனின் உதவியால் எழுந்தது. உழைத்த கைகள் நம்முடையவை. விஞ்ஞானம் எந்த ஒரு நாட்டின் பிதுரார்ஜித சொத்தும் அல்ல என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா? பிற நாட்டாரிடம் கற்பது கேவலமல்ல. கற்றதை நம் மண்ணுக்கு ஏற்றபடி சிந்திக்காமல் விடுவதுதான் கேவலம்.

மண் கற்பித்த பாடம்

ஜெர்மன் யந்திரம் வந்து இறங்கியதும் என்ன நடந்தது? பெரிய சக்கரத்தின் விளிம்பில் வாளிகள். வாளியின் வாயில் இரும்புப் பற்கள். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணை வாரிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டும். ஜெர்மனியின் இளகிய மண்ணில் இந்த யந்திரம் நன்றாக வேலை செய்தது. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேல் கிடப்பதோ கடலூர் மணற்கல். அந்தக் கடினப் பாறையில் பற்கள் வெகு சீக்கிரத்தில் தேய்ந்தன. யந்திரம் பல்லை இழந்து நின்றது.

கீழே வேறோர் ஆபத்து. கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் அது மேல்நோக்கி முட்டுகிறது. மேலே மண்ணின் பாரம் நீங்கினால் சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு வெள்ளம் பாயும்.

யந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இவற்றுக்கு விடை இல்லை. இங்கிருந்த என்ஜினீயர்களும் தொழிலாளரும் விடை தேட வேண்டியிருந்தது. முதலில் பாறையில் துளையிட்டு வெடிவைத்து இளக்கி, பிறகு சக்கரத்தை ஓட்டினார்கள். சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் இறக்கி, இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். அந்தப் பம்புகள் இன்றும் ஓய முடியாது.

இப்போது “ஜெர்மன் தொழிலாளி ஒருவன் எத்தனை டன் எடுக்கிறான், நீ எத்தனை டன் எடுக்கிறாய்?” என்று கேட்பவருக்கு என்ன பதில்? “டன்னை எண்ணுங்கள், ஐயா, கூடவே பாறையையும் எண்ணுங்கள், தண்ணீரையும் எண்ணுங்கள், ஐப்பசி மழையையும் எண்ணுங்கள்” என்பதே பதில். தெளிந்த சிந்தனை என்று நாம் சொல்வது இதைத்தான். ஓர் எண்ணைக் காட்டினால், அந்த எண்ணுக்குள் எவை அடங்கியிருக்கின்றன, எவை விடப்பட்டிருக்கின்றன என்று கேட்கும் பழக்கம் அது. காலேஜ் படிப்பு இல்லாதவனுக்கும் அது கைவரும்.

கணக்கில் வராத உயிர்கள்

விடப்பட்ட கணக்குகளில் முதலாவது உயிர்க் கணக்கு. 2020 மே 7-ம் தேதி நெய்வேலி இரண்டாம் அனல் மின்நிலையத்தில் பாய்லர் விபத்து நேர்ந்தது. தொழிலாளர் பலர் தீக்காயம் அடைந்தனர். சிலர் பின்னர் இறந்தனர். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1-ம் தேதி அதே மின்நிலையத்தில் மீண்டும் விபத்து. அன்று மட்டும் 6 பேர் மாண்டனர். காயமடைந்தவர்களில் மேலும் பலர் ஆஸ்பத்திரியில் உயிரிழந்தனர்.

ஒரு விபத்தை “விதி” என்று சொல்லி அழுதுவிட்டுப் போகலாம். ஒரே மின்நிலையத்தில் எட்டு வாரத்துக்குள் இரண்டு விபத்துக்களை விதியின் தலையில் போட முடியுமா? பாய்லர் கொதிப்பதற்கும் வெடிப்பதற்கும் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களை முன்கூட்டிக் காணவும் வழிகள் உண்டு. யந்திரத்தின் சத்தம் மாறுவதை முதலில் கேட்பது அதன் அருகில் நிற்பவனுடைய காது. ஆனால் அவன் “நிறுத்துங்கள்” என்று சொன்னால் நாளைக்கும் அவனுக்கு வேலை இருக்குமா? நிரந்தரத் தொழிலாளி துணிந்து சொல்வான். ஒப்பந்தத் தொழிலாளி யோசிப்பான். ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளரை வைத்து நடக்கும் எந்தத் தொழிலிலும், வேலைப் பாதுகாப்பும் உயிர்ப் பாதுகாப்பும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள். நாடுகளின் உற்பத்தித் திறனை ஒப்பிடுகிறவர்கள், ஆபத்தைக் கண்டு யந்திரத்தை நிறுத்தும் உரிமை எந்த நாட்டுத் தொழிலாளிக்கு உண்டு, எந்த நாட்டுத் தொழிலாளிக்கு இல்லை என்பதையும் ஒப்பிடட்டும்.

நாற்று நட்டவள் எங்கே?

இரண்டாவது, நிலத்தின் கணக்கு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற பயிர்மீது மண் அள்ளும் யந்திரங்கள் ஏறின. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிர்வாகம். கதிர் முற்றும் வரை பொறுக்கக் கூடாதா என்று நாடே கேட்டது. வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. பயிர் இழந்தவர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் நஷ்ட ஈடு தரும்படி கோர்ட் உத்தரவிட்டது.

நிலம் உடையவனுக்குப் பத்திரம் இருக்கிறது. பயிரிட்டவனுக்குப் பயிர் சாட்சி. அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து வயிறு வளர்த்த கூலிப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? 2013-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், நிலம் எடுக்கப்படுவதற்கு முன் மூன்றாண்டு அந்த நிலத்தில் வேலை செய்து பிழைத்த விவசாயத் தொழிலாளியின் குடும்பமும் “பாதிக்கப்பட்ட குடும்பம்” என்று அது சொல்கிறது. வேறு சட்டங்களின் கீழ் எடுத்த நிலத்துக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதிடட்டும். நியாயத்தின் அளவுகோல் இந்தத் தேசத்தின் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு சேரியிலும் தெருவிலும் படித்துக்காட்ட வேண்டும்.

மூடும்போதும் ஒப்பிடுங்கள்

மூன்றாவது, நாளையின் கணக்கு. சோவியத் உதவியால் எழுந்த முதல் அனல் மின்நிலையம், 58 ஆண்டுகள் ஓடியபின் 2020 செப்டம்பர் 30-ம் தேதி நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை நிரப்பப் புதிய மின்நிலையம் வந்துவிட்டது. நெய்வேலி நிறுவனமே இன்று ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரமும் எடுக்கிறது. பழுப்பு நிலக்கரியின் புகை உலகின் வெப்பத்தைக் கூட்டுகிறது என்பதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது. அந்த உண்மையை நாம் மறைக்கப் போவதில்லை. வெயில் ஏறினால் முதலில் சுருண்டு விழுகிறவன் வயலில் நிற்கிறவன்தானே?

ஆனால் மூடுவதிலும் பல விதம் உண்டு. ஜெர்மனியையே பாருங்கள். 1990-ல் கிழக்கும் மேற்கும் இணைந்த பிறகு, கிழக்குப் பகுதியின் பழுப்பு நிலக்கரித் தொழிலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சில ஆண்டுகளுக்குள் வேலை இழந்தனர். அதே ஜெர்மனியில் 2018-ல் நிலக்கரியின் எதிர்காலம் பற்றிக் கமிஷன் போட்டபோது, தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் அதில் உட்கார்ந்தார்கள். 2020-ல் சட்டம் வந்தது. 2038-க்குள் படிப்படியாக மூடுவது என்று முடிவாயிற்று. நிலக்கரிப் பிரதேசங்களில் மாற்றுத் தொழில் வளர்க்க 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். 58 வயது தாண்டிய தொழிலாளிக்கு, பென்ஷன் வரும் வரை ஐந்தாண்டு வரையில் உதவித்தொகை தர ஏற்பாடாயிற்று.

ஆஸ்திரேலியாவில் ஹேசல்வுட் என்ற பழுப்பு நிலக்கரி மின்நிலையம் தனியார் கையில் இருந்தது. மூடப்போவதாக 2016 நவம்பரில் அறிவித்தார்கள். 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஐந்தே மாதம்! தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களுக்கு ஐந்து மாதம்!

இரண்டும் பணக்கார நாடுகள். இரண்டிலும் தேர்ந்த விஞ்ஞானம் உண்டு. வேற்றுமை எங்கே வந்தது? முடிவெடுக்கும் மேஜையருகே தொழிலாளிக்கு நாற்காலி இருந்ததா என்பதில் வந்தது. நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் இந்த நாற்காலிக்கு ஒரு கட்டம் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. சராசரி ஜெர்மானியர் செலவிடும் மின்சாரம் சராசரி இந்தியர் செலவிடுவதைப்போல் சுமார் நாலு மடங்கு. அவர்களுடைய வேகத்தில் நீங்களும் மூடுங்கள் என்று உபதேசம் செய்வது எளிது. குடிசையில் ஒற்றை விளக்கு வைத்திருப்பவனைப் பார்த்து அந்த உபதேசத்தைச் செய்வது நியாயமாகாது.

முன்னேற்றம் யாருடையது?

“சுய முன்னேற்றம்” என்று புத்தகக் கடைகளில் அடுக்கி விற்கிறார்கள். அதிகாலையில் எழு, கவலையை விடு, உன்னை நம்பு என்று சொல்கிறார்கள். அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவனுக்கு முதல் உபதேசம் தேவையில்லை! ஆனால் தொழிலாளி படிக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. தான் ஓட்டும் யந்திரம் எப்படி வேலை செய்கிறது, தன் சம்பளச் சீட்டில் எது பிடிக்கப்பட்டிருக்கிறது, நிறுவனத்தின் வரவு செலவு என்ன, புதிதாக வரும் தொழிலுக்கு எந்தக் கைத்திறன் வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டும். 2013-ல் மத்திய சர்க்கார் நெய்வேலியின் பங்குகளை விற்க முற்பட்டபோது, விற்பனை என்றால் என்ன என்று புரிந்துகொண்டதால்தான் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். முடிவில் அந்தப் பங்குகளைத் தமிழ்நாடு சர்க்காரின் நிறுவனங்களே வாங்கின. அறிவும் ஒற்றுமையும் சேர்ந்தபோது பலன் கிடைத்தது.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. எந்தச் சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் மூடும் காலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும் கமிட்டியில் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மூவருக்கும் இடம் வேண்டும். புதிய தொழிலுக்கான பயிற்சியை வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு தர வேண்டும். ஆபத்தைக் கண்டு யந்திரத்தை நிறுத்தச் சொன்ன எவரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. நில எடுப்பில் கூலி உழைப்பாளிக் குடும்பங்களை ஒன்றுவிடாமல் கணக்கெடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு சங்க ஆபீசிலும் வாரத்தில் ஒருநாள் மாலை கூடுங்கள். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கேள்வி போடுங்கள். சுரங்கத் தொழிலாளி கரும்பாலைத் தொழிலாளியிடமும், இருவரும் வயல் தொழிலாளியிடமும் தத்தம் கணக்குகளைப் பேசட்டும். பாறையும் தண்ணீரும் உயிரும் கூலியும் நாற்றும் சேர்ந்த முழுக் கணக்கு நம் கையில் இருக்கட்டும். அதன் பிறகு எந்த நாட்டோடு வேண்டுமானாலும் நம்மை ஒப்பிடட்டும். நாம் தயார்.