எல்மினா: மழையிலும் விழுந்தது, வெயிலிலும் விழுந்தது

விமானம் ஒன்று விழுந்த செய்தி வந்ததும் கைப்பேசிகளில் முதலில் பரவும் காரணம் மழைதான். இடி, மின்னல், மேகமூட்டம் என்று அவரவர் ஊகம் ஓடும். சிலாங்கூரிலுள்ள எல்மினா, 46 ஆண்டு இடைவெளியில் இரண்டு விமான விபத்துகளைக் கண்ட இடம். அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மழைமேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்பது தெரியும்.

முதல் விபத்து 1977 செப்டம்பர் 27-ல் நடந்தது. தோக்கியோவிலிருந்து ஹாங்காங், கோலாலம்பூர் வழியாகச் சிங்கப்பூர் செல்லவிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், சுபாங்கில் தரையிறங்க வந்தபோது எல்மினா தோட்டத்தையொட்டிய குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். அன்று வானிலை மோசம் என்பது உண்மை. ஆனால் விசாரணை மழையோடு நிற்கவில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில், இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே தலைமை விமானி இறங்கினார். துணை விமானி அதைத் தட்டிக் கேட்கவில்லை. இதுவே விசாரணையின் முடிவு.

இரண்டாவது விபத்து 2023 ஆகஸ்ட் 17-ல். லங்காவியிலிருந்து சுபாங் வந்த பீச்கிராஃப்ட் பிரீமியர் 1 ரகச் சிறு ஜெட் விமானம், தரையிறங்க அனுமதி கிடைத்த சிறிது நேரத்தில் பண்டார் எல்மினா அருகே சாலையில் விழுந்து நொறுங்கியது. அன்று மழையும் இல்லை, புயலும் இல்லை. விமானியிடமிருந்து அபாய அழைப்பும் வரவில்லை. பஹாங் ஆட்சிக்குழு உறுப்பினர் டத்தோஸ்ரீ ஜொஹாரி ஹருண் உட்பட விமானத்தில் இருந்த 8 பேரும் இறந்தனர். சாலையில் சென்றுகொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிளோட்டியும் ஒரு காரோட்டியும் அவர்களோடு பலியாயினர்.

ஓராண்டுக்குப் பின் வெளியான இறுதி அறிக்கை காரணத்தைச் சொன்னது. சக்கரம் தரையைத் தொட்டபின் மட்டுமே விரிக்க வேண்டிய தகடுகள் இந்த ரக விமானத்தின் இறக்கைகளில் உண்டு. விமானத்தை மேலே தாங்கும் விசையைக் குலைத்து, அதைத் தரையோடு அழுத்துவது அவற்றின் வேலை. தரையிறங்குவதற்கு முந்திய சரிபார்ப்பின்போது இரண்டாம் விமானி தவறுதலாக அவற்றை நடுவானிலேயே விரித்துவிட்டார். தாங்கும் விசை போனதும் விமானம் கல்லைப்போல் விழுந்தது.

ஒன்று மழையில், மற்றொன்று வெயிலில். இரண்டிலும் கடைசி நிமிடங்களில் விமானி அறையில் நடந்த தவறே உயிர்களைக் குடித்தது. மழை ஆபத்தைக் கூட்டும். ஆனால் ஓடுபாதை தெரியாவிட்டால் இறங்காமல் மேலே ஏறிவிடு என்ற விதி இருப்பதே மழை நாளுக்காகத்தான்.

கடலில் விழுந்தால் உண்மையைத் தேடுவது இன்னும் கடினம். 2015 ஜூன் 8 இரவு, தமிழகக் கரையோரம் ரோந்து சென்ற இந்தியக் கடலோரக் காவல்படையின் டோர்னியர் சிறு விமானம் மூவருடன் காணாமல் போனது. அதன் கறுப்புப் பெட்டி கடலடியில் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இது பேராக் மக்களுக்கும் தூரத்துக் கதை அல்ல. 2024 ஏப்ரல் 23-ல் லுமுட் கடற்படைத் தளத்தில் ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 10 பேர் இறந்தனர். ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையமோ குனோங் ராப்பாட் பக்கம், குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், மாலையானால் இடிமழை. ரப்பர் மரம் நின்ற இடத்தில் தாமான்கள் எழுந்தது எல்மினாவில் மட்டுமல்ல, கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும்தான். 1977-ல் விமானம் விழுந்தது தோட்டத்துக் குன்றில். 2023-ல் விழுந்தது மக்கள் வேலைக்குப் போய்வரும் சாலையில். தோட்டம் ஊராகும்போது, மேலே பறப்பவர் செய்யும் தவறுக்குக் கீழே இருப்பவரும் விலை கொடுக்கிறார். அந்த மோட்டார் சைக்கிளோட்டி விமானத்துக்கு டிக்கெட் வாங்கியவர் அல்ல.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் வானத்தைப் பற்றியவை அல்ல. வாடகைக்குப் பறக்கும் சிறு ஜெட்டின் விமானிகளுக்கும் பெரிய நிறுவன விமானிகளுக்கு உள்ள அதே கண்டிப்பு இருக்கிறதா? விசாரணை அறிக்கையின் பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின? 2025 ஆகஸ்ட் 1 முதல் மாவ்கோம் எனும் விமானப் போக்குவரத்து ஆணையம், பாதுகாப்பைக் கவனிக்கும் சி.ஏ.ஏ.எம். ஆணையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பதில் சொல்லும் பொறுப்பு இப்போது ஓரிடத்தில் இருக்கிறது. ஆனால் விபத்தை விசாரிக்கும் பிரிவும் அதே போக்குவரத்து அமைச்சின் கீழ்தான் இயங்குகிறது. அமெரிக்கா தன் விசாரணை வாரியத்தை 1975-லேயே போக்குவரத்துத் துறையிலிருந்து பிரித்துவிட்டது. இங்கும் அது பேசப்பட வேண்டும்.

அனைத்துலக விதிப்படி முதற்கட்ட அறிக்கை 30 நாளில் தயாராக வேண்டும். அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தி வந்தால், மழைக் கதையைப் பகிர்வதற்கு முன் அந்த 30 நாள் பொறுத்திருக்கலாம். அறிக்கை வந்தபின், அதில் சொன்னதெல்லாம் நடந்ததா என்று ஊர் தலைவரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் விடாமல் கேட்கலாம். எல்மினா சாலையில் இறந்த இருவருக்கும் அதுவே செய்யக்கூடிய மரியாதை.