காட்டை அழித்த காசில் காட்டைக் காப்பதா?

புலியையும் யானையையும் அவை வாழும் காட்டையும் காக்க மாநில சர்க்கார்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வரவு செலவுத் திட்டத்தில் ஓரளவு ஒதுக்குகிறார்கள். புலிகள் காப்பகங்களுக்கு மத்திய சர்க்காரும் பங்கு தருகிறது. இவை போக, பெரும் தொகை ஒன்று வேறு வழியில் வருகிறது. சுரங்கத்துக்கும் அணைக்கும் சாலைக்கும் காட்டு நிலத்தை எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுத்தொகைதான் அது.

2016-ம் வருஷத்திய ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டப்படி இந்தப் பணத்தில் 90 சதவீதம் மாநிலங்களுக்கு; 10 சதவீதம் மத்திய நிதிக்கு. 2019 ஆகஸ்டில் மட்டும் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் போய்ச் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டின் லட்சணத்தைப் பாருங்கள். காடு அழிய அழிய நிதி பெருகும். காடு அழியாமல் நின்றால் வரவு இல்லை! உத்தரத்தை விற்றுக் கூரைக்கு ஓலை வாங்கும் குடித்தனம் உருப்படுமா?

சரி, வந்த பணமாவது ஒழுங்காகச் செலவாகிறதா? 2006 முதல் 2012 வரை காட்டுக்கு மாற்றாக வர வேண்டிய நிலத்தில் சுமார் 27 சதவீதம்தான் வந்தது என்று மத்திய தணிக்கை அதிகாரி 2013-ல் அறிவித்தார். உத்தராகண்டில் இந்த நிதியில் 13.86 கோடி ரூபாய் வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டதை 2025-ல் வெளியான தணிக்கை அறிக்கை அம்பலப்படுத்தியது. ஐபோனும் மடிக்கணினியும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கினார்களாம்! இரவு பகலாகக் காட்டைச் சுற்றிவரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களோ பல மாநிலங்களில் இன்னும் தற்காலிகக் கூலிகளே.

ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டால் அது தோட்டம், காடு ஆகாது. அங்கே யானைக்குத் தீனி இல்லை. பழங்குடி மக்களுக்குத் தேனும் கிழங்கும் இல்லை. காட்டையும் அதன் உயிர்களையும் காக்கும் அதிகாரத்தை 2006-ம் வருஷத்திய வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்தது. நிதி விதிகளோ, கலந்தாலோசித்தால் போதும் என்று அதைச் சுருக்கிவிட்டன.

ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதில் என்ன அக்கறை என்று யாரும் கேட்க வேண்டாம். வயலுக்குப் பாயும் ஆறும் ஆலைக்கு வரும் தண்ணீரும் காட்டில்தான் பிறக்கின்றன.

ஆகவே நாம் கோருகிறோம்: காட்டைக் காக்கும் செலவை மாநில சர்க்கார்கள் நிரந்தர வரவிலிருந்து ஒதுக்க வேண்டும். கிராம சபையின் சம்மதமின்றி ஈட்டு நிதியில் ஒரு காசும் செலவிடக் கூடாது. காவலர்களை நிரந்தரமாக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை அந்தந்த மாநில மக்களின் மொழியில், கிராமம் தோறும் வைக்க வேண்டும். காடு மக்கள் சொத்து. அதன் கணக்கும் மக்கள் கைக்கு வரட்டும்!