தனி ஆளுக்கு ஈட்டி எதற்கு?

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வருகிறவர்கள் நேராகப் போவது ராமாயணச் சுவரோவியங்களிடம். அது நியாயம்தான். பல்லக்கு, ராஜாக்களின் உருவப்படங்கள், வாள், கோடரி எல்லாவற்றையும் போகிற போக்கில் ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. அந்தக் கூட்டத்தில் இறகு சூடிய சில ஈட்டிகளும் உண்டு. சடங்குக்கானவை. யாரையும் குத்துவதற்காக அல்ல.

போரில் வேலை போன ஆயுதம் அலங்காரமாவது உலக வழக்கம். அதற்கும் அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது. விளையாட்டு. நீள ஈட்டிக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது அமெரிக்காவில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் பலகைகூடக் கட்டாயமில்லை. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் கதை சொல்லி, நடுவர், எதிரி எல்லாம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், திருடன், மந்திரவாதி. எதிரியை வெட்டினோமா, வெட்டுப்பட்டோமா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டைக்குத் தூரத்து உறவு. ஆனால் முக்கியமான பகடைக்கு 20 முகங்கள்.

கைகாக்ஸுக்கு நீளக் கம்பில் பொருத்திய ஆயுதங்கள் மீது தனி மோகம். 1978ல் வந்த விதிப் புத்தகத்தில் ஈட்டி, ஈட்டியும் கோடரியும் கலந்தது, கொக்கி வைத்தது, கத்தி வைத்தது என்று ஒரு டஜனுக்கு மேல் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் நீளம் என்ன, வீசுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளவுகள் வேறு. வெங்கலப் பாத்திரக்காரரின் சரக்குப் பட்டியல் தோற்றது. இத்தனை பட்டியலிலும் ஒன்று மட்டும் விடுபட்டுப் போனது. பக்கத்தில் நிற்கிறவன்.

நீள ஈட்டியின் சூட்சுமமே அவன்தான். 15ஆம் நூற்றாண்டின் சுவிஸ் காலாட்படை ஏந்திய ஈட்டி 16 முதல் 18 அடி. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கேடயத்துக்குக் கை கிடையாது. முனையைத் தாண்டி ஒருவன் உள்ளே வந்துவிட்டால் அத்தனை நீளமும் பாரம்தான். அவனிடம் ஒரு சின்னக் கத்தி இருந்தால் போதும். சிலம்பக்காரர் தன் கம்பைச் சுழற்றி நாலு பேரைத் தனியாகத் தள்ளி நிறுத்துவார். நீள ஈட்டிக்காரனால் அது முடியாது. அவன் பிழைத்திருப்பது இடப்பக்கத்துக்காரனும் வலப்பக்கத்துக்காரனும் அசையாமல் நிற்பதால். பின் வரிசைக்காரர்களின் ஈட்டிகளும் அவன் தோளைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருகிற குதிரைக்குத் தெரிவது ஓர் ஆள் அல்ல, முள்வேலி. இந்த வேலியில் மோதித்தான் பர்கண்டி கோமகன் சார்லஸின் படை 1476ல் இரண்டு முறை தோற்றது. அடுத்த ஆண்டு நான்சியில் அவர் உயிரும் போயிற்று. வந்தவர்கள் பெரும்பாலும் மலைநாட்டுக் குடியானவர்களும் ஊர்க்காரர்களும்.

வேலியில் இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. கி.மு. 168ல் பிட்னாவில் மாசிடோனியரின் ஈட்டிப் படை மேடுபள்ளத்தில் முன்னேறியபோது வரிசை பிளந்தது. ரோமானியர் அந்தச் சந்துகளுக்குள் குட்டை வாளோடு புகுந்தார்கள். பிறகு நடந்தது சண்டை அல்ல, அறுவடை.

இந்தப் பாடத்தைக் கேரளக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் அடிபட்டுக் கற்றார்கள். 1510 ஜனவரியில் கொச்சியிலிருந்து போன படை கோழிக்கோட்டைத் தாக்கியது. மார்ஷல் ஃபெர்னாண்டோ கூட்டின்யோவின் ஆட்கள் சாமூதிரியின் அரண்மனைக்குள் புகுந்து, அணியாவது ஒழுங்காவது என்று கொள்ளையில் இறங்கினார்கள். நாயர் வீரர்கள் திரண்டு வந்து வளைத்துக்கொண்டார்கள். கூட்டின்யோ அங்கேயே கொல்லப்பட்டார். கவர்னர் அல்புகர்க் பலத்த காயத்தோடு கப்பலுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். களரியில் ஒற்றைக்கு ஒற்றை நின்று பழகிய நாயர்களிடம், ஒழுங்கில்லாமல் ஒற்றை ஒற்றையாகப் போய் மாட்டினால் வேறென்ன நடக்கும்?

அதற்குப் பின் சில ஆண்டுகளுக்குள் அல்புகர்க், சுவிஸ் பாணியில் அணிவகுத்து நிற்கும் ஈட்டிப் பிரிவுகளைக் கோவாவில் பழக்கினார். எதிர்ப்பு எதிரியிடமிருந்து மட்டும் வரவில்லை. அவருடைய சொந்தப் பிரபுக்களுக்கே அது பிடிக்கவில்லை. முன்னால் பாய்ந்து, முதல் ஆளாக மதில் ஏறி, ராஜாவின் காதுக்குப் பெயர் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் அவர்கள் கடல் கடந்து வந்தது. கூலிக்கு வந்த சிப்பாயோடு தோள் உரச, தாளத்துக்குக் கால் வைத்து நடப்பதில் என்ன பெருமை? குத்தியது யார் ஈட்டி என்றுகூடத் தெரியாது.

நாலரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பிரபுக்கள் கேட்டதை விளையாட்டு கொடுத்துவிட்டது. இதற்கு ஒரு படிப்படியான கதை இருக்கிறது. டன்ஜன்ஸுக்கு மூலம், 1971ல் கைகாக்ஸ் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' என்ற பொம்மைப் படை விளையாட்டு. அதன் பெரும்போர் விதிகளில் ஒரு பொம்மை என்றால் 20 வீரர்கள். டன்ஜன்ஸில் ஒரு பொம்மை என்றால் ஓர் ஆள். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, முன்கதை உண்டு. வரிசை கரைந்து நாயகன் வந்துவிட்டான். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 18 அடி ஈட்டி சுருங்கி, 10 அடி தூரத்துக்குத்தான் எட்டுகிறது. குகைக்குள்ளும் நிலவறைக்குள்ளும் நடக்கிற கதையில் அதற்குமேல் நீட்ட இடமும் இல்லை.

முழுக்கக் கோட்டைவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பதிப்பில் கம்பாயுதத் தேர்ச்சி பெற்ற பாத்திரத்துக்கு ஒரு சலுகை: எதிரி எட்டும் தூரத்துக்குள் கால் வைத்த கணமே ஒரு குத்து. நெருங்க விடாதே என்ற ஈட்டியின் முதல் விதியை இது அழகாகப் பிடித்துவிட்டது. இரண்டாவது விதியான 'பக்கத்தில் ஆள் இருந்தால் பலம்' என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. யாருக்கு என்பதுதான் வேடிக்கை. கூட்டாளி எதிரியின் அருகே நின்றால் பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை ஓநாய்களுக்கும், கோபோல்ட் என்ற குட்டைப் பிராணிகளுக்கும், தெருச் சண்டியர்களுக்கும். ஈட்டி வீரனுக்கு இல்லை. சேர்ந்து நிற்பது எளியவர்களின் தந்திரம் என்று விளையாட்டுக்காரர்களும் நினைத்தார்கள் போலும். பர்கண்டி கோமகனும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

நம் சதுரங்கம் இந்த விஷயத்தில் கெட்டி. காலாள் தனியே முன்னேறினால் கொடுத்துவைத்தது அவ்வளவுதான். குறுக்குச் சாய்வில் ஒன்றை ஒன்று காத்து நிற்கும்போது ராணியும் யோசித்துத்தான் கிட்டே வருவாள்.

ஐரோப்பியப் போரை ஆட்டமாக்கும் வேலையைக் கொச்சிக் கரை, அமெரிக்காவுக்கு முன்பே செய்துவிட்டது. ஃபோர்ட் கொச்சியிலும் கோதுருத்திலும் லத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகம்தான் அது. அதில் புகழ்பெற்ற 'காரல்மான் சரிதம்' ஃபிரெஞ்சுச் சக்கரவர்த்தி ஷார்லமேனின் கதை. எழுதியவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர். பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். கட்டியக்காரன்கூட உண்டு; தெருக்கூத்து பார்த்தவர்கள் அங்கே அந்நியப்பட மாட்டார்கள்.

ஆடுபவர்கள் கையில் பெரும்பாலும் வாளும் கேடயமும்தான். காலடிகள் களரியை நினைவூட்டும். ஆனால் மேடை மரப்பலகை. ராஜாவானாலும் சிப்பாயானாலும் பாட்டின் தாளத்துக்குப் பலகை அதிரச் சவிட்ட வேண்டும். அதாவது மிதிக்க வேண்டும். ஆசான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுப்பது வாள்வீச்சை மட்டும் அல்ல, இந்த மிதியையும்தான். படை நுழைகிறபோது அத்தனை கால்களும் ஒரே சமயத்தில் இறங்கினால் பலகையில் ஒரே ஓசை. ஒருவன் அரைத் தாளம் தப்பினாலும் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்குக் கேட்டுவிடும்.