சின்னச் சின்ன எரிச்சல்கள்

குடம் வைத்து வரிசையில் நிற்கும்போது பின்னால் வந்தவர் முன்னால் புகுவது, இரவல் போன மண்வெட்டி மழை தொடங்கியும் திரும்பி வராதது, பக்கத்துக் கொட்டிலில் நள்ளிரவுவரை வானொலி அலறுவது, ஆட்டைக் கட்டாமல் விட்டுவிட்டு, அது நமது கத்தரிக் கன்றைத் தின்ற பிறகு "வாயில்லாச் சீவன்தானே" என்று சமாதானம் சொல்வது. இவற்றைப் பற்றியெல்லாம் எழுதவும் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்தவர்களுக்கு இவை ஒரு பொருட்டா என்றும் கேட்கலாம்.

பொருட்டுத்தான் என்பதே நமது கருத்து. சொந்த வளவில் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சத்தம் கருக்குமட்டை வேலியையும் முற்றத்தையும் தாண்டித் தேய்ந்துதான் நம்மிடம் வந்தது. தறப்பாள் கொட்டிலிலோ, அடுத்தவர் இருமினாலே நமது குழந்தை விழித்துவிடுகிறது. ஆட்கள் மாறவில்லை. இடைவெளிதான் குறைந்துவிட்டது. 1990களில் மடுவிலும் பேசாலையிலும் இருந்த நிவாரண நிலையங்களில் வாழ்ந்தவர்களும், 2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருடன் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தவர்களும் இதை நன்கு அறிவர்.

ஆகவே, எரிச்சல் வரும்போது அது எங்கிருந்து பிறக்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். நாம் பார்த்தவரையில் அது மூன்று வகைப்படும்.

முதலாவது, பற்றாக்குறையினால் பிறப்பது. நிவாரணப் பணிகளுக்கென்று உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட 'ஸ்பியர்' அளவுகோலின்படி ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் வேண்டும். 250 பேருக்கு ஒரு குழாய் போதுமென்றும், அதில் நிமிடத்துக்கு 7.5 லீற்றர் வரவேண்டுமென்றும் அது சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 பேருக்கு 3,750 லீற்றர். அந்தக் குழாய் ஒரு நிமிடமும் ஓயாமல் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடவேண்டும். இதுவே திருப்தியான நிலைமை! குழாயில் நீர் மெலிந்தாலோ, பவுசர் பிந்தினாலோ என்னவாகும்? 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பதும் அதே அளவுகோல்தான். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் கடைசி ஆளின் முறை வர ஒன்றரை மணித்தியாலம் கடந்துவிடும். இங்கே சண்டை அடுத்த கொட்டில் அக்காவோடு அல்ல, குழாய்களின் எண்ணிக்கையோடு. அவரைத் திட்டிச் செலவிடும் மூச்சை இருவரும் சேர்ந்து இன்னொரு குழாய் கேட்பதற்குச் செலவிடலாம்.

இரண்டாவது, கவனக்குறைவினால் பிறப்பது. வானொலி, ஆடு, மண்வெட்டி எல்லாம் இதில் அடங்கும். விழாக் காலத்தில் விடியுமுன்னரே அலறும் ஒலிபெருக்கியும் இதில்தான் சேரும், அது கோவிலாயினும் தேவாலயமாயினும் பள்ளிவாசலாயினும். இவற்றுக்குப் பொறுமை மட்டும் மருந்தல்ல. பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வெடிக்கும்போது, கத்தரிக் கன்றில் தொடங்கிய பேச்சு ஊர், சாதி, சமயம் என்று போய் நிற்கிறது. விவசாயிகளாகிய நமக்கு இதற்கு வழி தெரியாததல்ல. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் காலபோகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, நீர் விடும் திகதியையும் விதைப்புத் திகதியையும் மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் திகதியையும் தீர்மானிப்பது வழக்கம். மாடு பயிரைத் தின்ற பிறகு கோபிப்பதைவிட, தின்னுமுன்னரே எல்லாரும் ஒத்துக்கொள்வது மேல் என்பதை நமது முன்னோர் அறிந்திருந்தனர். அதே முறையை முகாமிலும் புதிய குடியேற்றத்திலும் கைக்கொள்ள என்ன தடை?

மூன்றாவது வகையை மட்டும் நாம் சிறியதென்று சொல்வதற்கில்லை. அது நம்மைவிட வசதியாக இருப்பவர்கள் செய்வது. ஒரே குடும்ப விபரத்தை ஒவ்வொரு நிறுவனமும் புதிதாக எழுதிக்கொண்டு போகும், பதில் வராது. கேளாமலே பிள்ளைகளைப் படம் பிடிப்பார்கள். காலையில் வரச்சொல்லி மாலைவரை வாசலில் நிற்கவைப்பார்கள். பாடசாலையில் பிள்ளைக்குப் பெயர் இருக்க, "அகதிப் பிள்ளை" என்று அழைப்பார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் மக்கள், அந்தச் சொல்லைப் பல்லாண்டுகள் சுமந்தனர். மன்னாரில் தோணியும் வயலும் வைத்திருந்தவர்களுக்கு அங்கே இருந்த ஒரே பெயர் அதுதான். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர் மற்றக் குடிமக்களைப் போல எல்லா உரிமையும் உடையவர் என்று ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகள் கூறுகின்றன. இத்தகைய எரிச்சலை விழுங்கவேண்டியதில்லை. மரியாதையாக, ஆனால் தெளிவாக, அவர்களிடமே சொல்லவேண்டும்.

இந்த மூன்றையும் நாம் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து. மூன்றாம் வகையினரிடம் வாய் திறக்க முடியாத கோபத்தைக் குழாயடியில் அயலவர்மீது கொட்டுகிறோம். அதனால் யாருக்கு இலாபம்? 2007 செப்டம்பரில் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் மக்கள், 2017இல் ஒன்றாக அமர்ந்து வாரக்கணக்கில் போராடிய பின்னரே தமது நிலத்தில் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. பத்து ஆண்டு அலைச்சலில் அவர்களுக்குள்ளும் குடமும் ஆடும் பிரச்சினையாக இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்தனர்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்குங்கள். யாருடைய பெயரையும் சொல்லாமல், எரிச்சலூட்டும் செயல்களை மட்டும் எழுதி, மூன்று வகையாகப் பிரியுங்கள். முதலாவதற்கு ஒரு கோரிக்கைக் கடிதம், இரண்டாவதற்கு ஓர் ஒழுங்கு, மூன்றாவதைச் சொல்வதற்கு இரண்டு துணிவான ஆட்கள். அத்தோடு, இரவல் மண்வெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ, அவர் அதைக் கூட்டத்துக்கு வரும்போதே கொண்டு வந்துவிடலாம்.