எலும்புக்கும் ஒரு வங்கி

இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் வெட்டி எடுக்கப்படும் தொடை எலும்பின் தலை பெரும்பாலும் கழிவாகத்தான் போகிறது. ஆனால் அது இன்னொருவரின் காலை நிமிர்த்தக்கூடிய சரக்கு. கொடுத்தவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இல்லை என்று உறுதியானபின் மைனஸ் 80 டிகிரி குளிரில் வைத்துக் காக்கலாம். 2011-ல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் திசுக்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை வளாகத்தில் உள்ள தேசியத் திசு வங்கியின் பொறுப்புகளில் எலும்பும் அடக்கம்.

இந்தியாவில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள் என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. எலும்பு முறிந்தால் இவர்களுக்குக் கூடுவது தாமதம். கூடாத இடத்தை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து நிரப்புவது நெடுநாள் வழக்கம். தரத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அது இரண்டாவது புண், சீழ் பிடிக்கும் அபாயம் வேறு. வங்கி எலும்பு அந்தப் புண்ணை மிச்சப்படுத்துகிறது.

அத்துடன் வேலை முடிந்துவிடாது. உறையவைத்த எலும்பில் உயிருள்ள செல்கள் கிடையாது. அது வெறும் சாரம். கட்டடம் எழுப்ப வேண்டியவை நோயாளியின் சொந்தச் செல்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால் அவை மந்தமாகின்றன, நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதாகின்றன. சர்க்கரையை அடக்காமல், சிகரெட்டையும் விடாமல், எந்த எலும்பை வைத்தாலும் உத்தரவாதம் இல்லை.